‘யாரு போட்டோ?’ என்று கேட்டால்…

“அண்ணே, எம் படத்த நானே திருடிட்டேனாம்.”

போன செவ்வாய்க்கிழமை. ஹட்டன் பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது ஜெயந்தியிடமிருந்து போன். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து கோபப்பட்டிருப்பேன். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். கரண்ட் பில் வந்திருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். அதற்கு என்ன பதில் சொல்வது?

ஜெயந்தி யாரென்று சொல்லிவிடுகிறேன். மஸ்கெலியா டவுனில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். கல்யாணம், சடங்கு, அடையாள அட்டைக்கான படம்… எல்லாம் அவர்தான். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவர்தான் வந்தார். ஒரு பெண் கேமராவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகளுக்கு லயம் லயமாக ஏறி இறங்குவதைப் பார்த்து ஆரம்பத்தில் சிரித்தவர்கள், இன்று ஜெயந்திக்கு எந்தத் தேதி தோதுப்படும் என்று கேட்டுவிட்டுத்தான் முகூர்த்தமே பார்க்கிறார்கள்.

திருடியதாகச் சொல்லப்படும் படம் எனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில் எடுத்தது. தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதை. மழை விட்டும் விடாத நேரம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அழகம்மா என்ற தொழிலாளி, ஜெயந்தி கேமராவை உயர்த்துவதைப் பார்த்துவிட்டு, “ஏய், வேணாம்டி, மூஞ்சியெல்லாம் சேறு!” என்று கையை நீட்டி மறைக்கப் பார்த்திருக்கிறார். அந்த நொடியில் க்ளிக்.

படத்தில் அந்தக் கைதான் பெரிதாகத் தெரியும். கறை ஏறிய விரல்கள். விரல்களுக்கு நடுவில் முகம் — திட்டுகிறாரா, சிரிக்கிறாரா என்று சொல்ல முடியாத முகம். மூக்குத்தியில் ஒரு துளி மழை.

நல்ல படம். எடுத்தவருக்கும் அது தெரிந்திருந்தது. ஃபிரேம் போட்டு ஒன்றை அழகம்மாவுக்கே கொடுத்தார். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று அழகம்மாவின் தம்பி அதைத் தன் டீக்கடையில் கொண்டுபோய் மாட்டினார். ஜெயந்தியிடம் இன்னொரு காப்பி இருந்தது. கண்டியில் ஒரு புகைப்படக் கண்காட்சி என்று கேள்விப்பட்டு, அதை அனுப்பினார். மாலையும் கழுத்துமாக நிற்காத ஒருவரின் படத்தை ஜெயந்தி வெளியே அனுப்பியது அதுதான் முதல் தடவை.

படம் தேர்வானது! தேர்வான செய்தி வந்தபோது மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்கு பஸ் ஏறி வந்து, எங்களுக்கு கேக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கண்டியிலிருந்து வந்ததுதான் இரண்டாவது செய்தி. கொழும்பில் ஓர் ஓவியர் இதே காட்சியை வரைந்து அங்கே ஒரு கண்காட்சியில் வைத்திருக்கிறார். ஓவியத்துக்குக் கீழே உள்ள அட்டையில், ‘அழகம்மா எடுத்த புகைப்படத்தைத் தழுவியது’ என்று மூன்று மொழியிலும் போட்டிருக்கிறது. ஆகவே இது வேறொருவரின் படமாகத் தெரிகிறது. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தேவை. இல்லாவிட்டால் நீக்கிவிடுவோம்.

அழகம்மா எடுத்த படமாம். கேமராவை மறைக்கக் கை நீட்டியவரே கேமராவுக்குப் பின்னாலும் நின்றாராம்!

சிரிப்பு வந்தது. ஜெயந்தி சிரிக்கவில்லை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

“ஒரிஜினல் ஃபைல அனுப்பினா முடிஞ்சிச்சே?” என்று கேட்டேன். நீங்களும் இதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

“கார்ட அழிச்சாச்சுண்ணே. ஒரு வீட்டு ஆல்பம் குடுத்ததும் கார்ட அழிச்சிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுறதுதானே நம்ம பொழப்பு. கம்ப்யூட்டர்ல இருக்கறது கலர் சரிபண்ணுன காப்பி. அது யாருகிட்ட வேணும்னாலும் இருக்கலாமாம். அந்த ஓவியர் வாயால சொன்னா ஏத்துக்குவாங்களாம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “எம் படம், எம் படம்னு எத்தன பேருக்குண்ணே சொல்றது? சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமா இருக்கு” என்றார்.

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினேன்.

ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஓவியருக்கு போன் போட்டோம். ஒரு திமிர் பிடித்த ஆளை எதிர்பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக இருந்தேன். ஏமாற்றம். அவ்வளவு மரியாதையான மனிதர். கொழும்புத் தமிழர். ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தவர் போலிருக்கிறது, தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார்.

“நான் யாருடைய பெயரையும் மறைக்கவில்லை, ஐயா. மஸ்கெலியாவில் ஒரு தேநீர்க் கடையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். என் மனதை விட்டுப் போகவில்லை. கடைக்காரரிடம் ‘இது யாருடைய புகைப்படம்?’ என்று கேட்டேன். ‘எங்க அக்கா அழகம்மா போட்டோங்க’ என்று சொன்னார். பெயரை எழுதி வைத்துக்கொண்டேன். அப்படியே அட்டையிலும் போட்டேன்.”

ஜெயந்தி தலையில் கை வைத்துக்கொண்டார்.

யாரைக் குறை சொல்வது, சொல்லுங்கள்? டீக்கடைத் தம்பி பொய் சொன்னாரா? இல்லையே. எங்கள் மலைநாட்டில் எந்த வீட்டுச் சுவரைக் காட்டி ‘யாரு போட்டோ?’ என்று கேட்டாலும் படத்தில் இருப்பவரின் பெயரைத்தான் சொல்வார்கள். தாத்தா போட்டோ, மாமா போட்டோ, முருகன் போட்டோ. எடுத்தவர் பெயரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எடுத்தவர் ஒருவர் இருந்தார் என்கிற நினைப்பே நமக்கு வராது. படம் தானாக வந்து சுவரில் ஏறிக்கொண்டது போல.

கோயிலுக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்தால் மூன்று றெக்கையிலும் பெயர் எழுதச் சொல்கிறவர்கள்தான் நாம். ஆனால் ஒரு படம், ஒரு பாட்டு, நாலு வரி எழுத்து என்று வந்துவிட்டால் மட்டும் பெயர் எதற்கு என்றாகிவிடுகிறது. இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் பத்தியே எனக்கு வாட்ஸ்அப்பில் திரும்பி வந்திருக்கிறது. மேலே ரோஜாப்பூ, கீழே ‘படித்ததில் பிடித்தது’. யார் எழுதியதைப் படித்தீர்கள், ஐயா? அனுப்பியவரிடமே கேட்டேன். “நல்லாருந்திச்சு, அனுப்பினேன்” என்றார். சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா… இரண்டுக்கும் தெம்பில்லாமல் ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நம் பத்திரிகைகள் மட்டும் என்னவாம்? படத்துக்குக் கீழே ‘நன்றி: இணையம்’. (ஆசிரியர் மன்னிக்க வேண்டும். நம் பத்திரிகையிலும்தான்!) தமிழ் உலகத்தில் இதுவரை அதிகப் படம் எடுத்தவர் இந்த இணையம்தான். வெள்ளத்துக்கும் போகிறார், தேருக்கும் போகிறார், யானைக் குட்டி பிறந்தாலும் போய்விடுகிறார். ஒருநாளாவது நேரில் பார்த்து ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுக்க வேண்டும்.

ஓவியர் மேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். கடையோடு நிறுத்திக்கொண்டாரே. அழகம்மாதான் எடுத்தார் என்று நினைத்திருந்தால், அந்த அழகம்மாவைத் தேடிப் போய், ‘உங்கள் படத்தை நான் வரையலாமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கப் போயிருந்தால் அங்கேயே எல்லாம் தெரிந்திருக்கும்.

“கேட்டிருந்தா நானே ‘வரைங்க சார்’னு பெரிய பிரிண்ட்டா போட்டுக் குடுத்திருப்பேன்” என்றார் ஜெயந்தி.

ஓவியர் அட்டையை மாற்றத் தயார் என்றார். ஆனால் ஒரு சிக்கல். “ஒருவருடைய பெயரை எடுத்துவிட்டு இன்னொருவருடைய பெயரை வைப்பதென்றால், முதலாமவர் சொல்ல வேண்டும் அல்லவா? அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.”

நியாயம்தானே? அதனால் வியாழக்கிழமை மாலை, மழை விட்ட பிறகு, நானும் ஜெயந்தியும் அழகம்மாவின் லயத்துக்குப் போனோம். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை.

நாங்கள் வரப்போகும் செய்தி எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அழகம்மா மலையிலிருந்து இறங்கி, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு வாசலில் இருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: “வந்துட்டாங்கடி, ஒம் பேர அழிக்க.”

“யாரும் அழிக்க வரலக்கா” என்றார் ஜெயந்தி.

“பின்ன எதுக்கு வந்திருக்க? டீ குடிக்கவா?” என்ற அழகம்மா, என்னைப் பார்த்து, “நீங்க உக்காருங்க சார். ஒங்களுக்கு டீ உண்டு” என்றார்.

கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் அவருடைய மகள், அந்தக் கண்காட்சி மண்டபத்துக்குப் போய், ஓவியத்தையும் அட்டையையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் அழகம்மா பேசினார்.

“கொழும்புல எம் பேரு அச்சடிச்சுத் தொங்குது. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து எம் பேரு அச்சுல வந்தது தோட்டத்து செக்ரோல் பேரேட்டுல மட்டுந்தான். அதுலயும் தப்பாத்தான் இருக்கு. சம்பளம் போடுறப்ப ‘அலகம்மா, அலகம்மா’ன்னு கூப்புடுவானுங்க. இங்க பாரு, மூணு பாஷையில, அழகா, சரியா போட்டிருக்காரு மனுசன். அத எடுக்கணுமா?”

“ஒங்க பேரு இருக்கட்டுங்கக்கா. ‘எடுத்தவர்’ங்கிற எடத்துல மட்டும் எம் பேரு…”

“எடுத்தவரா? காலையிலேருந்து கொழுந்து எடுக்கிறவ நானு. நீ என்னத்தடி எடுத்த?”

பக்கத்து வாசலில் சிரிப்பு. ஜெயந்தி கண்டுகொள்ளவில்லை.

“போட்டோ எடுத்தேன்.”

“நான் நிக்காட்டி என்னத்த புடிச்சிருப்ப? வெறும் தேயிலச் செடியையா?”

“நான் புடிக்காட்டி, நீங்க நின்னது யாருக்குக்கா தெரிஞ்சிருக்கும்?”

இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். இதில் எது தப்பு? ஒன்றுக்கு ஒன்று சளைக்காத நியாயம். நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

“வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லலன்னா கண்டியில என் படத்த எடுத்துருவாங்கக்கா” என்றார் ஜெயந்தி. “அதுல எனக்குக் காசு கீசு ஒண்ணும் கெடையாது. இத்தன வருசமா நான் புடிச்சதெல்லாம் வீட்டுக்காரங்க ஆல்பத்துக்குள்ள போயிருச்சு. எம் பேரோட ஒரு செவுத்துல தொங்கப்போறது இது ஒண்ணுதான். ஒருத்தரு பாத்துட்டுப் போனா கூட எனக்குப் போதும்.”

அழகம்மா கால் கழுவிய வாளியை நகர்த்தி வைத்தார். பிறகு கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

“சரி. அந்த ஆளு ஒன்னயக் கேக்காம வரைஞ்சிட்டாருன்னு ஒனக்குக் கோவம். ஒத்துக்கிறேன். அன்னைக்கு நான் வேணாம்னுதானே கைய நீட்டுனேன்? நீ என்னயக் கேட்டியா?”

ஜெயந்தி தரையைப் பார்த்தார்.

“கேக்கலக்கா.”

அவ்வளவுதான். ‘ஆனா’ என்று ஆரம்பித்து எதையாவது சேர்ப்பார் என்று நினைத்தேன். சேர்க்கவில்லை.

அந்தக் கையைப் பற்றி ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதியிருந்ததை ஓவியர் எங்களுக்கு அனுப்பியிருந்தார். தலைமுறை தலைமுறையாக அடக்கப்பட்டவர்களின் மறுப்பு அந்தக் கையில் உயர்ந்து நிற்கிறதாம். ஓவியத்துக்குப் பெயரே ‘மறுப்பு’தான். இருக்கட்டும், அதுவும் இருக்கலாம். ஆனால், அன்று அந்தக் கை ஜெயந்தியைப் பார்த்துத்தான் நீண்டது. நாங்கள் மூன்று பேரும் அந்த வாசலில் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

“போனப் போடுடி” என்றார் அழகம்மா.

ஸ்பீக்கரில் போட்டார் ஜெயந்தி.

“சார், அழகம்மா பேசுறேன். போட்டோவுல இருக்கறது நானு. புடிச்சது ஜெயந்தி. கொழப்பிக்காதீங்க.”

“அம்மா, வணக்கம். நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று நான்…”

“ரெண்டு கையாலயும் கொழுந்து எடுத்துக்கிட்டு, மூணாவது கையாலயா சார் போட்டோ புடிப்பேன்?”

அந்தப் பக்கம் ஓவியர் சிரித்துவிட்டார். அழகம்மா சிரிக்கவில்லை.

“எம் பேர மட்டும் தூக்கிறாதீங்க. ரெண்டு பேரையும் போடுங்க. அப்புறம்… படத்துல என் மூக்குத்திய காணோமே சார்?”

“மன்னிக்க வேண்டும் அம்மா. வரைய மறந்துவிட்டேன்.”

“கழுத்துல கெடக்குற பாசிய எல்லாம் ஒண்ணொண்ணா வரைஞ்சிருக்கீங்க. இத மறந்துட்டீங்களாக்கும். சரி, வைங்க.”

ஓவியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வெள்ளிக்கிழமை காலையிலேயே புது அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். ‘ஜெயந்தி எடுத்த, அழகம்மாவின் புகைப்படத்தைத் தழுவியது.’ ஒரு பெயரை நுழைத்ததில் எல்லாம் எவ்வளவு தெளிவாகிவிட்டது, பாருங்கள். அதை உடனே கண்டிக்கு அனுப்பினோம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாலையில் கண்டியிலிருந்து பதில் வந்தது. விளக்கத்துக்கு மிக்க நன்றி. சந்தேகம் தீர்ந்தது. ஆனால், அந்த இடத்துக்கு வேறு படம் ஏற்பாடாகிவிட்டது. அடுத்த வருடம் அவசியம் விண்ணப்பிக்கவும்.

வெள்ளிக்கிழமைவரை என்று சொன்னவர்கள் வெள்ளிக்கிழமைவரை ஏன் காத்திருக்கவில்லை? நான் கேட்டு எழுதுகிறேன் என்று குதித்தேன். ஜெயந்திதான் வேண்டாம் என்றார்.

“விடுங்கண்ணே. சண்ட போட்டு ஒரு ஆணி வாங்கி, அதுல மாட்டிட்டு… அப்புறம் அதப் பாக்கறப்ப எல்லாம் சண்டதான் ஞாபகம் வரும். நாளைக்கு ஒரு சடங்கு வீடு இருக்கு. பேட்டரி சார்ஜ் போடணும்.”

அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு அலுத்துப்போனது. பெரிய அநியாயம் என்றால் ஊர் கூடும். கூட்டம் போடலாம், கோஷம் போடலாம். இந்த மாதிரிச் சின்னச் சின்ன அசட்டைக்கு யார் கூடுவார்கள்? கடைக்காரர் நல்லவர், ஓவியர் நல்லவர், கண்டிக்காரர்களும் ‘மிக்க நன்றி’ எல்லாம் போட்டு மரியாதையாகத்தான் எழுதினார்கள். எல்லாரும் நல்லவர்களாகவே இருந்தும், எடுத்தவர் பெயர் மட்டும் எங்கேயோ விழுந்துவிடுகிறது. அதைக் குனிந்து பொறுக்குகிற வேலையும் எடுத்தவருக்கே வந்து சேர்கிறது.

சனிக்கிழமை ஜெயந்திக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. சடங்கு வீடு என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கவில்லை. மனசு கேட்காமல் மறுபடியும் மஸ்கெலியா பஸ்.

மாடி ஏறிப் போனால், ஸ்டூடியோவுக்குள் அழகம்மா! மெரூன் கலரில் பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, முகத்தில் பவுடர். திரைக்கு முன்னால் போட்ட நாற்காலியில், பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடித்தவர் போல உட்கார்ந்திருந்தார். ஜெயந்தி லைட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். சாட்சிக்கு ஆளும் வந்தாச்சு” என்ற அழகம்மா, ஜெயந்தி பக்கம் திரும்பினார். “ம், கேளு.”

“என்னத்தக்கா?”

“என்னத்தயா? அன்னைக்குக் கேக்காதத.”

ஜெயந்தி கேமராவைக் கீழே இறக்கினார். “அக்கா, ஒங்கள ஒரு போட்டோ புடிக்கட்டுமா?”

“இரு. யோசிச்சுச் சொல்றேன்.”

நிஜமாகவே யோசித்தார். பூவைச் சரி செய்தார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டார். கீழே டவுனில் ஒரு லொறி ஹோர்ன் அடித்து ஓய்ந்தது. ஜெயந்தி கேமராவைத் தொடாமல் அப்படியே நின்றார்.

“சரி, புடி.”

அடையாள அட்டைக்கு உட்காருகிற மாதிரி நிமிர்ந்து, விறைத்து, சிரிக்காமல் ஒரு பார்வை. கைகள் இரண்டும் மடியில். கொழும்பு ஓவியர் பார்த்தால் வரைய ஆசைப்பட மாட்டார். அழகம்மாவுக்கு அதுதான் பிடித்திருந்தது. கம்ப்யூட்டரில் பார்த்ததும், “இதுதாண்டி நானு” என்றார்.

கண்டியில் என்ன ஆனது என்று அவருக்கு ஜெயந்தி சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெயந்தி படத்தின் மூலையில் வழக்கம்போலத் தன் ஸ்டூடியோ பெயரைச் சின்னதாகப் போட்டபோதுதான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஸ்கிரீனுக்குக் கிட்டே போனார்.

“இதென்னடி, எறும்பு ஊர்ற மாதிரி? ஸ்டூடியோ பேரா போடுற? ஒம் பேரப் போடு. பெருசாப் போடு. எம் மூஞ்சியில பட்டாலும் பரவால்ல.”

முகத்தில் படாமல்தான் போட்டார். ஆனால், பெரிதாகப் போட்டார்.